அக்டோபர் மாத ரீடிங்

எனக்கு நிலவறைகளில்தான் வேலை.
பெல்கிரேடுக்கு வடக்கே, பனாத் சமவெளியில்
சூரியகாந்தி வயல்கள் முடியும் இடத்தில் எங்கள் ஊர்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தால்
எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.
பத்தாம் வீட்டில் ஆள் இல்லை,
ஜெர்மனிக்குப் போயாகிவிட்டது.
பன்னிரண்டில் குழந்தை பிறந்திருக்கிறது.
பதினான்கில் யாரோ இரவெல்லாம் குளிக்கிறார்கள்.
ஏனென்று நான் கேட்பதில்லை.

குளிக்கலாம். துவைக்கலாம். தரை கழுவலாம்.
குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது.
நகராட்சி ஒட்டிய அறிவிப்பு
வெயிலில் வெளுத்து வெளுத்து
குழாய்த் தண்ணீரின் நிறத்துக்கே வந்துவிட்டது:
இரண்டாம் முறை கொதித்த தேயிலையின் நிறம்.
அந்த நிறம் பாஷாணம் இல்லை.
பாஷாணத்துக்கு நிறமே கிடையாது.
மணம், ருசி, ஒன்றும் கிடையாது.
நாங்கள் இத்தனை வருடம்
நிறத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

யாரும் கலக்கவில்லை.
குற்றவாளி வேண்டுமென்றால்
பல லட்சம் ஆண்டுக்கு முன் இங்கே கிடந்த
கடலைத்தான் பிடித்து வர வேண்டும்.
அது வற்றிப் போனபோது
வண்டலுக்குள் விட்டுச் சென்றதை
ஆழக் குழாய் இறக்கி
நாங்களேதான் எழுப்பி மேலே கூட்டிவந்தோம்.

மூன்றாம் மாடி திஹோமிர்,
சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர்,
மாதாமாதம் என்னை மேலே கூப்பிடுவார்.
கெட்டிலிலிருந்து ஊற்றி
என் முகத்தைப் பார்த்தபடியே ஒரு கிளாஸ் குடிப்பார்.
"கொதிச்சாச்சு. எதுவா இருந்தாலும் செத்திருக்கும்."
உயிரிருந்தால்தானே சாகும், பெரியவரே.
கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும்,
அது குறையாது.
மூன்று முறை சொல்லிவிட்டேன்.
கிளாஸை வைக்கிற கையைப் பார்க்கிறேன்.
உள்ளங்கை நிறைய, மக்காச்சோள மணிகள் போலக் காய்ப்பு.
ஸ்பேனர் பிடித்த கை, என்கிறார்.
அவர் ஸ்பேனரைக் கீழே வைத்து
பதினாறு வருடம் ஆகிறது.

அக்டோபர் என்றால் முட்டைக்கோஸ்.
நான்காம் மாடி தெசாங்கா
பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள்.
முப்பது கோஸ், மூன்று கிலோ உப்பு,
அறுபது லிட்டர் தண்ணீர்.
ஆறு லிட்டர் கேன் பத்து.
கோஸின் விலையைத் தண்ணீர் தாண்டிவிட்டது.
பணத்தைத் தண்ணீராய் இறைக்காதே என்பார்கள்.
இவள் தண்ணீரைப் பணம் மாதிரி
எச்சில் தொட்டு எண்ணாத குறை.

"போன வருஷம் குழாயிலதான் பிடிச்சேன்,"
என்றாள், நான் கேட்காமலே.
"தண்ணியாக் குடிக்கலையே, ஊறினதைத்தானே தின்னோம்?"
புத்தாண்டுக்கு மறுநாள் தலைவலி தீர
ஊரே கோப்பையில் மொண்டு குடிப்பது
அந்த ஊறல் நீரைத்தான்.
அவளுக்கும் தெரியும்.
நான் பில்லை நீட்டினேன்.

மேலே தடித்த எழுத்தில்: குடிநீர்க் கட்டணம்.
என் பாக்கெட்டிலிருந்து பேனாவை உருவி
முதல் இரண்டு எழுத்தை அடித்தாள்.
மிச்சமிருந்ததற்குப் பணம் தந்தாள்,
சில்லறை சரியாக.

லிஃப்ட் ஓடவில்லை. மார்ச்சிலிருந்து.
வாசலில் நின்ற கேன்களில் இரண்டை நான் எடுத்தேன்.
தண்ணீர் வாரியத்தின் பெயர்
என் முதுகில் அச்சடித்திருக்கிறது, அது படியேறியது.
மூன்றாம் மாடியில் கதவு திறந்தது.
திஹோமிர் எங்களைப் பார்த்தார், கேனைப் பார்த்தார்,
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்
இரண்டை இரண்டாய்த் தூக்கி வந்தார்.
நான்கு முறை.
"காசு குடுத்த தண்ணி," என்றார் மூச்சு வாங்க,
"கனமாத்தான் இருக்கும்."
தெசாங்கா கிளாஸில் ஊற்றி நீட்டினாள்.
வேண்டாமென்று கையை அசைத்துவிட்டு
வீட்டுக்குள் போய்விட்டார்.

மறந்து வைத்த டார்ச்சை எடுக்க
நிலவறைக்கு இறங்கினேன்.
இருட்டில், அவருடைய மீட்டரில்
அந்தச் சின்னச் சிவப்பு முள்
நகர்ந்துகொண்டிருந்தது.
ஒரு கெட்டில் அளவு.
நின்றது.