இரண்டு கட்டைவிரல்

காவேரியும் கைவிரித்த வருஷம்
மாநகராட்சி ஒரு முடிவுக்கு வந்தது:
தண்ணீரைத் தீர்ப்பது தனியாட்கள்தான்.
ஒரு ஆளுக்கு ஒரு வாளி, ஒரு அடுப்பு, ஒரு கழுவல்.
இருவர் என்றால் சிக்கனம்.
ஆகவே குழாய் இனி
இரண்டு கட்டைவிரலுக்குத்தான் திறக்கும்.
ஒரே ஆளின் இரண்டு விரல் செல்லாது
(முதல் நாளே முயன்று பார்த்தேன்).

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் மட்டும்
அன்றிரவு நாலு கல்யாணம்.
பிரிந்துபோன புருஷனை
ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தாள் எதிர்வீட்டு ரெஜினா.
மூஞ்சியைப் பார்க்கவில்லை.
கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள்.

எனக்கு வாய்த்தவர் மாடிவீட்டு சவரிநாதன்.
ரிவெட் அடித்து அடித்து
ரேகை தேய்ந்த விரல்.
மூன்றாம் முறைதான் குழாய் அவரை நம்பும்.
ஜோடிக்கு ஒரு குழாய் என்பதால்
அவர் வீட்டுக் குழாய்க்கு சீல்.
விடியற்காலை அஞ்சுக்கு இறங்கி வருவார்.
குடம் நிறைகிற சத்தத்தைக் கேட்டபடி நிற்போம்,
துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி.

மாதக் கடைசியில் அன்புச் சரிபார்ப்பு.
ஆய்வாளர் நஞ்சுண்டப்பா
முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பார்.
மூன்றாவதைத் தன் பாட்டிலில் ஊற்றிக்கொள்வார்.
பிறகு கேள்விகள்:
இவர் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார்?
கடைசிச் சண்டை எதற்கு?
சண்டையே இல்லை என்றோம்.
நானூறு லிட்டர் அபராதம் எழுதினார்.

அதனால் பழகினோம்.
ஞாயிறுதோறும் மூன்றிலிருந்து நாலு வரை சண்டை.
உப்பில் தொடங்குவோம்.
என் இருமல், அவர் ரேடியோ,
கதவை அறைந்து சாத்துவது யார் என்பது.
ஒரு ஞாயிறு
நோட்டில் எழுதாத ஒன்றைச் சொன்னார்:
"கதவைத் திறந்ததும் நீங்கள் பார்ப்பது
என் விரலைத்தான்."
அதற்கு நான் பதில் எழுதி வைத்திருக்கவில்லை.

ஜூலையில் பெய்தது பார், அப்படியொரு மழை.
அல்சூர் ஏரி எழுந்து சாலைக்கு வந்தது.
விதி ரத்து என்று வண்டியில் கூவிப்போனார்கள்.
ரெஜினா அதே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

மறுநாள் அஞ்சு மணிக்கு
என் ஒற்றை விரலுக்கே குழாய் பீறிட்டது.
மாடியிலும் தண்ணீர் விழும் சத்தம்.
இரண்டு குடமும் சீக்கிரம் நிறைந்துவிட்டன.
அன்றைக்குப் பகல் நீளமாக இருந்தது.

ஞாயிறு மூன்று மணிக்கு மாடியேறித் தட்டினேன்.
"ராத்திரி முழுக்க உங்கள் குழாய் சொட்டுகிறது,
மனுஷி தூங்க வேண்டாமா?" என்று கத்தினேன்.
கதவைத் திறந்தவர்
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.
"உப்பை விட்டுவிட்டீர்களே" என்றார்.

படியில் யாரோ செருமினார்கள்.
ஞாயிறென்றும் பாராமல்
விரல்பெட்டியைக் கழற்ற வந்த நஞ்சுண்டப்பா.
கையில் காலி பாட்டில்.
"எதையும் குறித்துக்கொள்ள மாட்டேன்," என்றார்,
"நாலு மணி வரை
இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டுமா?"