அக்கறை இல்லாத சாட்சி

லைட் ஸ்ட்ரீட் கோர்ட்.
குளிரூட்டியின் இரைச்சலுக்கு மேலே
வக்கீல் குரலை உயர்த்தினார்:
இவர் ஒரு டிஸ்இன்ட்ரஸ்டட் விட்னஸ், துவான்.
வாங்குகிற சம்பளத்துக்கு
நான் அதைத் தமிழில் சொன்னேன்:
"நீங்கள் அக்கறை இல்லாத சாட்சி என்கிறார்."

கூண்டில் நின்ற நாகப்பன்,
கார் நிறுத்துமிடத்தின் இரவுக் காவலாளி,
வக்கீலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.
"அக்கறை இல்லாமலாம்மா
ராத்திரி ரெண்டு மணிக்கு நடுரோட்டுல உக்காந்து
அந்தப் பையன் தலைய மடியில வச்சிருந்தேன்?
சிலுவார்ல இன்னும் கறை போகல."

பதினாறு வருடப் பழக்கம்;
அதையும் மொழிபெயர்த்தேன், சிலுவார் வரைக்கும்.
பிறகு எழுந்து,
பிழை மொழிபெயர்ப்பாளருடையது என்றேன்.
துவான் எழுதிக்கொண்டார்.
எழுதி முடிக்கும்வரை கோர்ட்டே காத்திருந்தது.

மதியம் மீகூன் ஆற ஆற
அகராதியைப் புரட்டினேன்.
இன்ட்ரஸ்ட்: லத்தீனில்
'இடையே இருக்கிறது'.
இரண்டு பேருக்கு நடுவே ஒரு நிலம், ஒரு கடன்,
ஒரு மைத்துனன்.
வட்டிக்கும் அதே பெயர்தான்.
நடுவே அப்படி ஒன்றும் இல்லாதவர்
டிஸ்இன்ட்ரஸ்டட்:
யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும்
பத்துக் காசு வராது, போகாது.
கொட்டாவி விடுகிறவன் வேறு ஆள்.
அவன் அன்இன்ட்ரஸ்டட்.
கோர்ட்டில் அவனுக்குப் பஞ்சமில்லை.
நானூறு வருடத்துக்கு முன்
இந்த இரண்டு சொல்லும்
ஒன்றின் சட்டையை ஒன்று போட்டுத் திரிந்தனவாம்.
படித்ததும் கொஞ்சம் ஆறுதல்.
வெள்ளைக்காரனுக்கே.

சார்பற்ற என்று சொல்லியிருக்கலாம்.
ஆதாயம் தேடாத.
தொடர்பில்லாத...
இல்லை, தொடர்பு இருந்தது. மடி.

ஐந்தரை மணி ஃபெரி.
வேலை தீவில், வீடு பட்டர்வொர்த்தில்.
நாலாம் வகுப்பில்
அக்கரைக்கு வல்லின றகரம் போட்டுவிட்டு
ஐம்பது தடவை எழுதியவள் நான்.
இன்றைக்கும் பேனா ஒரு கணம் நிற்கும்:
கடலுக்கு எந்த ர, மனசுக்கு எந்த ற.

ஒன்று விட்டுப்போயிற்று.
சாட்சிப்படிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
வாசல் படியில் நாகப்பன் கேட்டார்,
"அந்தப் பையன் நடக்கிறானா?"
அது இழப்பீட்டு வழக்கு. காலைப் பற்றிக்
கோப்பில் விழுக்காடுதான் இருந்தது.
அதைச் சொன்னேன்.

"நாப்பது விழுக்காடுன்னா," என்றார்,
"எத்தன படி ஏறுவான்?"