பேரேடு

சனிக்கிழமை வரைக்கும்தான் நேரம் என்று
ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள்.
அனுமதியில்லாத நாட்டுத் துப்பாக்கியை
இப்போது ஒப்படைத்தால் வழக்கில்லை,
பிறகு அகப்பட்டால் ஜெயில்.
நாட்றாம்பாளையம் சாலை நெடுக அந்தக் குரல்
மேடேறும்போது முனகி
இறங்கும்போது அதட்டியது.

மறுநாள் விடியலில் பால் சொசைட்டியில்
அதே பேச்சு.
ஆனால் அதன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.
கம்பி என்றார் தொட்டய்யா.
வீட்டு ஊமையன் என்றார் பசுவண்ணன்.
நான் கேனைக் கலக்கி
மாதிரி எடுத்துக் கொழுப்பு பார்த்தேன்.
பெயரும் அளவும் எழுதுவது என் வேலை.

"பட்டா கேட்டுப் பேர் எழுதிக் குடுத்தோம்.
பதினோரு வருஷமா அந்தப் பேரு எங்க இருக்குன்னே தெரியல.
இதுக்கு எழுதிக் குடுத்துப் பாரு,
எந்தக் காட்டுல எந்த மான் செத்தாலும்
உன் வாசல்ல ஜீப்பு நிக்கும்."
சொல்லிவிட்டு இருமினார் தொட்டய்யா.
பீடி இருமல், மூன்றாவதில் விசில் கலக்கும்.

ருத்ரப்பா மட்டும் சட்டம் பேசினார்.
"முறையா லைசென்ஸ் வாங்கி வெச்சுக்கலாமே."
"நீ வாங்கினியா?"
"மூணு தடவ மனு குடுத்திருக்கேன்."
"பன்னி வந்தா மனுவக் காட்டு, ஓடிரும்."
சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

யோசிக்கும்போது பசுவண்ணனின் இடது கை
துண்டுக்குள் போய்விடும்.
குழாய் வெடித்து இரண்டு விரல் போன வருஷம்
ராகி நல்ல விளைச்சல்.
"குடுத்துரலாம்பா" என்றார்.
"பன்னி தின்னது போக மிச்சம் நமக்கு."

நீ என்ன சொல்ற மாதேவி என்று
யாரும் கேட்கவில்லை.
என் வீட்டுக்காரன் பெங்களூரில் வேறு கம்பி கட்டுகிறான்.
ஆறு வருஷம். போன் எண் மாறிவிட்டது.
அவன் விட்டுப்போனது பரணில்
யூரியா சாக்குக்குள் படுத்திருக்கிறது.
மருந்து கிட்டிக்க நானே கற்றுக்கொண்டேன்.
இரண்டு முறை சுட்டிருக்கிறேன்.
ஒன்று பன்றிக்கு. தப்பிவிட்டது.
ஒன்று வானத்துக்கு,
நடுராத்திரி கதவைத் தட்டியவன் தப்பிவிட்டான்.
அவன் வீட்டுப் பாலையும் நான்தான் அளக்கிறேன்.
சரியாகத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லி அனுப்பினார் இன்ஸ்பெக்டர்:
புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் போகலாம்,
யாருடையது என்று கேட்கமாட்டோம்.

மூன்று மணிக்குச் சாக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன்.
நாய்கள் குரைக்கவில்லை,
அன்றிரவு பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும்.
மரத்தடியில் ஒரு டார்ச் சட்டென்று அணைந்தது.
பிறகு இருமல்.
மூன்றாவதில் விசில்.
இரண்டு பேரும் இருட்டில் நின்றோம்.
வேரில் இரும்பு பட்டது,
செருப்புச் சத்தம் மேட்டுப் பக்கம் தேய்ந்தது.
குனிந்து தடவிப் பார்த்தேன்.
பனியில் நனைந்து ஏழும் குளிர்ந்து கிடந்தன.
என்னுடையது மட்டும்
தோள்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

காலையில் ரைட்டர் வந்து வரிசையாக எழுதினார்.
உரிமையாளர்: தெரியவில்லை.
உரிமையாளர்: தெரியவில்லை.
மூன்றாவது வரியில் அவர் பேனா நின்றுவிட
என்னுடையதைக் கேட்டார்.
கொடுத்தேன்.
திருப்பி வாங்கி அன்றைய பாலை எழுத உட்கார்ந்தேன்.

தொட்டய்யா இருமிக்கொண்டே கேனை வைத்தார்,
நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.
ருத்ரப்பா. பசுவண்ணன்.
ஐந்தாவதாக அவன்.
"எத்தன கெடச்சதாம்?" என்றான்.
"ஏழு."
உதடு அசையாமல் அவன் வீடு வீடாக எண்ணுவது
முகத்தில் தெரிந்தது.
எண்ணி முடித்ததும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றான்.
நாலு புள்ளி ஒன்று.
எழுதினேன்.