ஏழு செட் டயர்

பாடாங் செராயில், டயர் கடை வாசலில்
வேனைப் போட்டுவிட்டு
சேமநிதிப் பாரத்தை மடியில் விரித்தேன்.

பெயர்: தேன்மலர் த/பெ அங்கப்பன்.
வயது நாற்பத்தொன்று.
நிலையான முகவரி?

போன மாதம் லாபிஸ். அதற்கு முன் ரவுப்.
அடைமழைக்கெல்லாம் தெலுக் இந்தானில்
பெட்ரோல் நிலையத்தின் பின்பக்கம்.
மடிக்கணினி வேலைக்கு இரண்டு கோடு சிக்னல் போதும்.
பாரத்துக்குப் போதாது.

"நம்ம கடை விலாசம் போடு லா,
கடுதாசி வந்தா எடுத்து வைக்கிறேன்"
என்றான் பூன் கியோங், நட்டைக் கழற்றியபடி.

அவனுக்கு என் கணக்கைச் சொன்னேன்:
நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு செட்,
வருடம் இருபதாயிரம் ஓட்டம்,
ஐம்பத்தைந்துக்கு இன்னும் ஏழு செட்.
மாதம் முந்நூறு வெள்ளி, கை வைக்காமல்.
எட்டாவது செட்
என் இஷ்டத்துக்கு உருளும்.

அவன் வேனுக்கு அடியிலிருந்து கேட்டான்:
"உனக்குச் சரி.
இதுக்கு யார் சேமநிதி கட்டுறது?"

செம்பனை லாரி ஒன்று
வளைவில் பழம் சிந்திவிட்டு
நிற்காமல் மில்லுக்குப் போனது.

முந்நூறில் அறுபதைப் பிரித்து
மைலோ டின்னில் போட்டேன்.
டின்மேல் எழுதினேன்: கியர்பாக்ஸ்.

வாரிசு என்ற கட்டத்தில்
தங்கை மகன் பெயர்.
இப்போதைக்குப் பென்சிலில்.