கிண்ணத்தில் சோளம்

செர்ரோ தெ பாஸ்கோ. நாலாயிரத்து முந்நூறு மீட்டர்.
இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
உருளைக்கிழங்குதான் வேகாது.

ஃபோர்த்துனாத்தோ யாரங்கா
துத்தநாகச் சுரங்கத்தில் பாறை துளைப்பவன். உதடு நீலம்.
கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும்,
மூச்சு விடாதே என்றானாம் மனைவியிடம்.
எவுலாலியா விடவில்லை.
அவன் விடாததை எண்ணிக்கொண்டிருந்தாள்:
தூக்கத்தில் அது நிற்கும் ஒவ்வொரு முறையும்
கிண்ணத்தில் ஒரு சோளமணி.

சால்வைக்குள் பொத்திக் கொண்டுவந்து
என் மேசையில் கவிழ்த்தாள்.
ஓர் இரவுக்கு இருநூற்றுப் பதினொன்று.
நான் ஆய்வகத்தின் இரவுக்காரி,
மண்டையில் பசை தடவி ஒயர் ஒட்டுவது என் பிழைப்பு.

அவளுக்கு எப்படிச் சொல்ல?
பிடரிக்கு மேலே, உள்ளே, விரல் பருமனில் ஒரு தண்டு.
ரத்தத்தை நாக்கில் வைத்துப் பார்க்கும் செல்கள் அங்கே.
அவற்றுக்குப் பரிமாற ஒரு நொதி:
கரிவாயுவையும் நீரையும் பிசைந்து புளிப்பாக்கும்,
நொடிக்குப் பத்து லட்சம் தரம்.
மூச்சுக்கு முந்நூறு என்பதெல்லாம்
அதன் முன்னே சோம்பல்.
புளித்தால் இழு. புளிக்காவிட்டால் பொறு.
இந்த உயரத்தில் அவன் ஆவேசமாய் மூச்சிழுத்து
இருந்த புளிப்பையெல்லாம் ஊதிவிடுகிறான்.
பிறகு தண்டு காத்திருக்கிறது.

மருத்துவர் தந்தது அந்த நொதியின் கையைக் கட்டும் மாத்திரை.
புளிக்கவைப்பவனைக் கட்டினால் புளிப்பு கூடுமா?
என்று கேட்டாள் எவுலாலியா.
சிறுநீரகத்தில் அதன் பங்காளி ஒருவன் உண்டு,
அவனையும் கட்டினால் காரம் சிறுநீரோடு போய்விடும்,
ரத்தம் புளிக்கும் என்றேன்.
மூளைக்குள் என்ன நடக்கிறது என்றதற்கு
மருத்துவரே தோளைக் குலுக்கினார்.

மாத்திரைக்கு முந்தைய இரவு ஒரு பட்டை மிச்சம் இருந்தது.
விளையாட்டாக அவள் மார்பில் கட்டினேன்.
திரையில் இரண்டு கோடு.
மேலே அவன்: அலை, அலை, சின்ன அலை, தட்டை.
கீழே அவள்: அதே இடத்தில் தட்டை.
பத்தொன்பது நொடி. இருபத்திரண்டு.
அவன் இழுத்த பிறகே இவள் விட்டாள்.

ஆறாம் நாள் மேல்கோடு ஓரளவு நிரவியிருந்தது.
முப்பத்தாறு மணிகள்.
கீழ்க்கோடு அவன் புரண்டால் நிற்கிறது,
வெளியே தாதுலாரி போனால் நிற்கிறது.
யாரும் அதற்குச் சீட்டு எழுதவில்லை.

பழைய சோளத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன்.
வறுத்துவிட்டாளாம்.
வேலைக்குப் போகும் வழியில்
உப்புப் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே
எல்லாவற்றையும் அவனே தின்றானாம்.