இஞ்சிச் சந்தில் ஓர் உறை

மட்டாஞ்சேரி மழை குடித்த உறை.
கதவு எண் கரைந்துவிட்டது.
மிச்சம்: ஆபிரகாம், இஞ்சிச் சந்து.

செங்கோட்டையிலிருந்து வந்த தபால்காரன் நான்.
சாக்குக் கடை அவறாச்சன்,
தராசு பழுதுபார்க்கும் இப்ராயின்,
யூதப் பள்ளியின் சாவிக்காரர் அவ்ராம்.
மூன்றும் ஒரே பெயராம்,
அன்றுதான் தெரிந்தது எனக்கு.

எனக்குக் கடன் கிடையாது என்றார் அவறாச்சன்.
எனக்கு எழுத ஆளில்லை என்றார் இப்ராயின்.
இன்று சனி, காகிதம் கிழிக்கமாட்டேன்
என்றார் அவ்ராம்.

உறை என் கையில் நனைந்தபடி இருக்க
பேச்சு எப்படியோ மலையேறிவிட்டது:
கத்திக்குக் கீழே கிடந்த பிள்ளை யார்?
ஈசாக்கு.
இல்லை, இஸ்மாயில்.
ஈசாக்குதான், எழுதியிருக்கிறது.
எங்கே எழுதியிருக்கிறது, யார் எழுதியது?
தேநீரில் ஆடை கட்டிவிட்டது.
ஆட்டைப் பற்றி மட்டும்
யாருக்கும் சந்தேகமில்லை.

கடைசியில் அவறாச்சன் கிழித்தார்.
மின்வாரிய நோட்டீஸ், நானூற்றுப் பதினொரு ரூபாய்.
ஹைஃபாவுக்குப் போய்விட்ட
நான்காம் ஆபிரகாமின் பூட்டிய வீடு.
சந்து முனை விளக்குக்குக் கம்பி
அங்கிருந்துதான் வருகிறது.

இருட்டினால் ஓடையில் விழுவோமே
என்றது யாரென்று நினைவில்லை.
இரண்டு பேர் பழுதான தராசுத் தட்டில் நோட்டு வைத்தார்கள்.
அவ்ராம் இன்று காசைத் தொடமாட்டார்,
பேனாவையும்.
என் பங்கை எழுதி வை என்று
சொல்லவும் கூடாதாம்.
இப்ராயினைப் பார்த்தார்.
இப்ராயின் ஏற்கெனவே
சிகரெட் அட்டையின் பின்னால்
அரபி எழுத்தில் மலையாளமாக எழுதிக்கொண்டிருந்தார்:
அவ்ராம், நூற்று முப்பத்தேழு.

படியிறங்கிய அவ்ராம் நின்றார்.
ஆனாலும் ஈசாக்குதான்,
என்றார்.