பன்னிரண்டு இருபது

மெனோவா கவுண்டி, மிச்சிகன்.
பள்ளி ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
மறுஎண்ணிக்கை, மூன்றாம் நாள்.
பதினேழு வாக்கு வித்தியாசம்.
வெளியே பனி. கார் நிறுத்தத்தில்
இரண்டு கூட்டம், இரண்டு ஒலிபெருக்கி,
இரண்டிலும் ஒரே அரசியல் சாசனம்.

என் வேலை எண்ணுவதல்ல.
யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு,
எழுதி வைப்பது.

காலை பத்தரைக்கு ரோஜர் வான்டெர்மீர்
கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.
அதுவரை எண்ணிய கணக்கெல்லாம் ஒத்துப்போயிருந்தது.
ஒரு சீட்டைக்கூட அவர் தொட்டுப் பார்த்ததில்லை.
மனசாட்சி என்றார்.
எழுதினேன்.
மனசாட்சிக்குச் சாட்சி உண்டா என்று கேட்க
எனக்கு அதிகாரம் இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு நீதிமன்ற உத்தரவு
ஃபேக்ஸில் வெதுவெதுப்பாக வந்தது.
பன்னிரண்டு மணியோடு நிறுத்து.
பெட்டிக்குச் சீல் வை.
மேஜையில் இன்னும் நாற்பத்து மூன்று உறைகள்.
தபால் முத்திரை மங்கியவை, அவ்வளவுதான் குற்றம்.

லொரெய்ன் கோவால்ஸ்கி, கவுண்டி கிளார்க்,
இருபத்தாறு வருடத்தில் ஆபீஸ் பேனாவைக்கூட
வீட்டுக்குக் கொண்டுபோகாதவள்,
உத்தரவை இரண்டு முறை படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டவிட்டு
முதல் உறையைப் பிரித்தாள்.

எனக்கு மாரப்பன் ஞாபகம்.
எடப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், தொண்ணூற்றாறு.
தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்ட டீச்சர் நான்.
தறியிலிருந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு.
அவர் பெயருக்கு ஏற்கெனவே கோடு போட்டாயிற்று.
யாரோ வந்து அவர் வாக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
விதிப்படி வேறொரு சீட்டு கொடுத்தோம்.
விதிப்படி நானே உறையிலிட்டு ஒட்டினேன்.
அந்த உறையை யாரும் பிரிக்கப்போவதில்லை என்று
எனக்குத் தெரியும்.
என் முகத்தைப் பார்த்து அவருக்கும் தெரிந்தது.
வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.
போலீஸ்காரர் பெயர் கேட்டபோது இனிஷியலோடு சொன்னார்.
"சின்ன ர, சார். பெரிய ற இல்லை.
கேஸில் தப்பாகப் போட்டுடாதீங்க."

அன்று நான் சட்டத்திலிருந்து ஒரு புள்ளி பிசகவில்லை.
மதியம் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள்,
சாப்பிட்டேன்.

"இது சட்டமீறல்!" வான்டெர்மீர் எழுந்து கத்தினார்,
காலையில் மாட்டேன் என்ற அதே வாயால்.
ஆனால் அவர் சொன்னது உண்மை. அதையும் எழுதினேன்.
"ஆமாம் ரோஜர்," என்றாள் லொரெய்ன், தலை நிமிராமல்.

நாளைக்கு இன்னொரு கவுண்டியில் இன்னொருத்தி
நாற்பத்து மூன்று உறையைக் கொளுத்திவிட்டு
இதே நிதானத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.
அவளிடமும் ஒரு மாரப்பன் கதை இருக்கும்.
இதற்கு என்னிடம் பதில் இல்லை.

எண்ணி முடித்தபோது மணி பன்னிரண்டு இருபது.
யாருக்கு எத்தனை என்று இங்கே சொல்லப்போவதில்லை.
சொன்னால், அதை வைத்துத்தான் நீங்கள்
அவள் செய்தது சரியா தப்பா என்று முடிவுசெய்வீர்கள்.

பேனா நின்றது.
பதினொன்று ஐம்பத்தெட்டு என்று எழுதிவிடலாம்.
ஜிம் கடிகாரத்தை இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை.
அவளுக்குப் பென்ஷனுக்கு இன்னும் பதினான்கு மாதம்.

"எலில்," என்றாள். ழகரம் அவளுக்கு வராது.
"உள்ள நேரத்தைப் போடு.
இல்லாவிட்டால் இது வெறும் திருட்டு."

போட்டேன். கீழே என் பெயர்,
இனிஷியலோடு.

அவள் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டாள்,
ஷெரீஃப் வர நேரமாகும், ரோட்டில் பனி என்று.
டப்பாவைத் திறந்து சாண்ட்விச்சில் பாதியை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
உடனே கடிக்க முடியவில்லை.